கட்டி முடித்த பிறகா கலை?

ஒரு கட்டடம் எழும்பி, வெள்ளையடித்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்த பிறகு, "இந்தச் சுவர் மொட்டையா இருக்கே, யாரையாவது கூப்பிட்டு ஒரு படம் வரையச் சொல்லுங்க" என்கிறார்கள். காசு மிஞ்சினால் கலை, மிஞ்சாவிட்டால் இல்லை. இது சரியா? மக்கள் கூடுகிற வழிபாட்டு இடத்திலும் சமுதாயக் கூடத்திலும், ஓவியரும் சிற்பியும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு நான் காட்டும் சாட்சி இங்கிலாந்தின் காவென்ட்ரி பேராலயம்.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் அந்த ஊரின் பழைய பேராலயம் எரிந்துபோனது. சுற்றுச் சுவர்களும் கோபுரமும்தான் மிச்சம். புதிதாகக் கட்டப் போட்டி வைத்தார்கள். வந்த 219 திட்டங்களில் 1951-ல் தேர்வானது பேசில் ஸ்பென்ஸ் என்ற கட்டடக் கலைஞருடையது. இடிபாட்டை நினைவாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதியதைக் கட்டினார். 1962 மே 25-ல் அது அர்ப்பணிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அவருடைய போட்டித் திட்டத்திலேயே கலைஞர்களுக்கு இடம் இருந்தது. திருப்பீடத்துக்குப் பின்னால் உள்ள பெரிய சுவர் முழுவதும் ஒரே நெசவுத் திரை. சுமார் 75 அடி உயரம், 38 அடி அகலம். கிரஹாம் சதர்லாண்ட் வரைந்தார். பிரான்சில் ஃபெல்லதான் என்ற ஊரில் நெய்தார்கள். இடிபாட்டைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது. ஜான் ஹட்டன் உருவங்கள் செதுக்கிய கண்ணாடித் தடுப்பு மட்டும். உள்ளே நின்றால் தேவதூதர்களின் ஊடே போரின் தழும்பு தெரியும்.

பக்கச் சுவர்களைப் பாருங்கள். ரம்பத்தின் பற்கள் மாதிரி மடங்கி நிற்கும். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் ஒளி திருப்பீடத்தை நோக்கி விழும். திருப்பீடம் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால்தான் அத்தனை வண்ணமும் கண்ணில் படும். இது கட்டடமா, கலையா? பிரித்துச் சொல்ல முடியாது. கட்டி முடித்த பிறகு ஒட்டிய கலை என்றால் சுலபமாகப் பிரித்திருக்கலாம்.

"இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம்" என்று சிலர் சொல்லலாம். சுவர் எப்படியும் கட்டத்தான் போகிறோம். சன்னலும் வைக்கத்தான் போகிறோம். முன்கூட்டியே உட்கார்ந்து பேச என்ன செலவு? "புதுமைக் கலை பாமரனுக்குப் புரியாது" என்பது அடுத்த வாதம். காவென்ட்ரியிலும் திட்டத்தைத் திட்டிக் கடிதங்கள் வந்தன. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் யூதராயிற்றே என்றுகூட ஆட்சேபித்தார்கள். ஸ்பென்ஸ் அசையவில்லை. எப்ஸ்டீன் 1959-ல் காலமானார். அவர் செய்த புனித மிக்கேல் சிலை இன்றும் வெளிச்சுவரில் நிற்கிறது.

ஆனால் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. ஞானஸ்நான இடத்தில் 195 கட்டங்கள் கொண்ட கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. வரைந்தவர் ஜான் பைப்பர், கண்ணாடியில் செய்தவர் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸ். இரண்டு பெயரும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அது நியாயம். சதர்லாண்டின் திரையை நெய்த கைகளின் பெயரை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா கட்டிய எந்தக் கட்டடத்தின் கல்வெட்டிலும் அவர் பெயர் இல்லை. வளைவை எப்படித் திருப்பினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பிளான் போடும்போது அவரை யாரும் கேட்டதில்லை. கூட்டு முயற்சி என்றால் பெரிய பெயர்கள் இரண்டு கைகுலுக்குவது மட்டும்தானா?

நண்பர்களே, நாளை நாமும் சைட்டில் நிற்கப் போகிறோம். அந்த மேஜையில் நம்ம பேச்சு சின்னப் பேச்சாகத்தான் இருக்கும். இருந்தாலும் பிளானை விரிக்கும்போது ஒரு வார்த்தை கேட்போம்: ஓவியரைக் கூப்பிட்டாச்சா? சிற்பியைக் கூப்பிட்டாச்சா? கொத்தனாரைக் கேட்டாச்சா?

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்