மயோனைஸுக்குத் தடை... முதுகுளத்தூர் குண்டு மிளகாய்க்கு ஒரு வாய்ப்பு!

வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். மேஜையில் சிக்கன், ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், நடுவில் ஒரு கிண்ணம் மயோனைஸ். இன்றைக்குச் சென்னையானாலும் முதுகுளத்தூரானாலும் இந்தக் காட்சி சகஜம். அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேசணும்.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளா 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும் இதே முடிவை எடுத்தன.

ஏன் தடை?

பச்சை முட்டை, எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சை அல்லது வினிகர். அவ்வளவுதான் மயோனைஸ். அடுப்பே கிடையாது. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால், அதைக் கொல்ல வெப்பம் இல்லை. அந்தச் சிறிதளவு புளிப்பும் போதாது. நம்ம ஊர் வெயிலில் ரெண்டு மணி நேரம் வெளியே இருந்தால், கிருமி பெருகக் கேட்கவா வேணும்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசு அப்போது விதித்த தடை வணிகத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும்தான். 'கடையில வாங்க வேணாம், நானே மிக்ஸியில அடிச்சுடுறேன்' என்று நீங்கள் பச்சை முட்டையை உடைத்தால், ஆபத்து உங்கள் சமையலறைக்கு இடம் மாறுகிறது. அவ்வளவுதான்.

பதில் நம்ம வீட்டிலேயே!

தயிர் அப்படியில்லை. பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறோம். முதலில் சூடு, பிறகு புளிப்பு என இரட்டைக் காவல். அரை லிட்டர் கெட்டித் தயிரைச் சுத்தமான துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். காலையில் வெண்ணெய் போல இருக்கும்.

இனி வேலை பத்தே நிமிஷம். காம்பு கிள்ளிய குண்டு மிளகாய் வத்தல் ஆறு எடுங்கள். களத்தில் காய்ந்தது என்பதால் நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஊறவையுங்கள். அடுப்பு வேலை அந்த வெந்நீரோடு சரி. காரம் குறைய வேண்டுமா? விதையை உதறிவிடுங்கள். ரெண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்து அரைத்து, தயிரில் கலந்து, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். கேரட், வெள்ளரி, முறுக்கு, பொரித்த மீன் என எதற்கும் ஜோடி சேரும். பரிமாறும் வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மிளகாய்க்கு என்ன லாபம்?

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விளையும் மிளகாய் இது. உருண்டை வடிவம், தடித்த தோல். குறியீடு அதன் பெயரைக் காக்கும். விலையைத் தானாக உயர்த்தாது. மழை ஏமாத்தினா விளைச்சல் இல்ல. நல்லா விளைஞ்சா, எல்லா மூட்டையும் ஒரே நேரத்துல சந்தைக்கு வந்து விலை இறங்கும். வத்தலாக மட்டுமே விற்கும் வரை இந்தச் சுழற்சி மாறாது.

மயோனைஸின் இடத்தை இது பிடிக்கலாம். பேக்கரியும் பிரியாணிக் கடையும் சின்னக் கப்பில் இந்தத் தயிர்-மிளகாய் டிப்பை வைக்கலாம். குளிர்சாதன வசதியும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருந்தால் மகளிர் குழுக்களும் செய்து தரலாம். ஆனால், கேட்க ஆள் வேண்டும். அடுத்த பார்ட்டியில் அந்தக் கிண்ணத்தை முதலில் மாற்றப்போவது நீங்கள்தானே?