வேலிக்குப் பின்னால் ஓடும் இரகசியம்

1979 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10 ஆம் நாள், சனிக்கிழமை. நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. 106 வண்டிகளைக் கோத்துக்கொண்டு வந்த சரக்குத் தொடருந்து ஒன்று மிசிசாகாவின் மேவிஸ் வீதிக் கடவை அருகே தடம் புரண்டது. உராய்வினால் சூடேறிய அச்சொன்று சக்கரங்களோடு கழன்று விழுந்ததே காரணம். புறோப்பேன் தாங்கிகள் வெடித்துச் சிதறின. அந்த நெருப்பின் நடுவே குளோரின் நிரப்பிய தாங்கி ஒன்று ஓட்டை விழுந்து கிடந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிரும் பலியாகாதது பெருவியப்பு.

அந்தத் தொடருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது? ஸ்காபரோவின் அஜின்கோட் சரக்குத் தரிப்பிடத்துக்கு!

எரியும் வண்டிகளில் எதில் என்ன இருக்கிறது என்பது முதலில் வந்து சேர்ந்த தீயணைப்புப் படையினருக்குத் தெரியவில்லை. விடை ஒரு தாளில் இருந்தது. அத்தாள் தொடருந்து நிறுவனத்தின் கையில் இருந்தது. குளோரினை எதிர்கொள்ளும் முறை வேறு, புறோப்பேனை எதிர்கொள்ளும் முறை வேறு. பட்டியலைத் தேடிப் பெற்று, வாசித்து, விளங்கிக்கொள்ளும் வரை அவர்கள் ஏறக்குறையக் கண்ணைக் கட்டிக்கொண்டே போராடினர் எனலாம்.

அன்று அஜின்கோட் தரிப்பிடத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே இருந்திருக்கும். 1983 இன் பின்னர் வந்தவர்கள் மல்வேணிலும் மார்க்கம் வீதியை அண்டியும் வீடு வாங்கினார்கள். வாங்கும்போது பாடசாலையின் தரத்தைக் கேட்டார்கள். கோயில் எவ்வளவு தூரம், பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்றும் கேட்டார்கள். வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்பதைக் கேட்காதவர் எவருமில்லை. பின்வேலிக்கு அப்பால் இரவில் ஓடும் தாங்கி வண்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

கேட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்காது என்பதே உண்மை.

2013 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் கியூபெக் மாகாணத்தின் லாக் மெகாந்திக் நகரில் 47 பேர் கருகி மாண்டனர். வட டக்கோட்டாவின் மசகு எண்ணெயை 72 தாங்கிகளில் ஏற்றிய தொடருந்து, ஆளில்லாமல் சரிவில் உருண்டு வந்து நகரின் நடுவே கவிழ்ந்தது. அதே எண்ணெய் அதற்கு முன்னர் ரொறன்ரோவின் ஊடாகவும் கடந்து சென்றிருந்தது! போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2014 இல் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சொல்லிற்று: அந்த எண்ணெய் உண்மையில் எவ்வளவு எளிதில் தீப்பற்றக்கூடியதோ, அதைவிடக் குறைந்த ஆபத்துடையதாகவே ஆவணங்களில் வகைப்படுத்தப்பட்டிருந்தது. தகவல் மறைக்கப்படுவது ஒரு பிழை. இருக்கும் தகவலே பொய்யாக இருப்பது அதனினும் கொடிது. வெளியார் எவரும் பார்க்காத ஏட்டில் பிழை நெடுங்காலம் உயிர்வாழும்.

47 உயிர்கள் போன பின்னரே மத்திய அரசு அசைந்தது. 2013 நவம்பரில் வந்த 32 ஆம் இலக்கப் பாதுகாப்புப் பணிப்புரை, தங்கள் எல்லைக்குள் சென்ற ஆபத்தான சரக்குகளின் விபரத்தை மாநகர சபைகளுக்குக் கொடுக்கும்படி தொடருந்து நிறுவனங்களைப் பணித்தது. 2016 இல் அதன் இடத்தை 36 ஆம் இலக்கப் பணிப்புரை பிடித்தது. இவை முன்னேற்றங்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் மாநகர சபைக்குக் கிடைக்கும் விபரம் அவசரகாலத் திட்ட அலுவலரிடம் இரகசியமாக ஒப்படைக்கப்படுவது. பொதுமக்களுக்கென்று பெரிய நிறுவனங்கள் வெளியிடுவதோ மாகாணம் முழுமைக்குமான ஒரு பொதுக் கணக்கு, அதுவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். தண்டர் பே முதல் வின்சர் வரை ஒன்றாய்க் கலந்த சதவீதத்தை வைத்துக்கொண்டு மல்வேணில் குழந்தை வளர்க்கும் தாய் என்ன செய்வது?

வணிக இரகசியம் என்பார்கள். அந்த வாதத்தின் நேர்மையைச் சற்று உரசிப் பார்க்கலாம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் துறைமுகங்களில் கொள்கலன்கள் குவிந்தன. 2022 ஒக்டோபரில் கனடாவின் தேசிய விநியோகச் சங்கிலிப் பணிக்குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சரக்குத் தரவுகளை நிறுவனங்களும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் முக்கிய பரிந்துரைகளுள் ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க வெள்ளை மாளிகையும் கப்பல் நிறுவனங்களையும் பெருவணிகர்களையும் சேர்த்துத் தரவுப் பகிர்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆக, சரக்கு விரைந்து நகர்வதற்கென்றால் இரகசியம் தளர்கிறது. போட்டி நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்கின்றன. பாதையோரம் குடியிருப்பவன் கேட்டால் மட்டும் அது இறுகிவிடுகிறது! யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி அனுப்பிய ஸ்காபரோத் தகப்பன், அது எந்தக் கடலில் மிதக்கிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறான். தன் வேலிக்குப் பின்னால் போவது அவனுக்குத் தெரியாது.

பயங்கரவாதிகளுக்கு உதவிவிடும் என்ற இரண்டாவது வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. இந்த மணிக்கு, இந்த இடத்தில், இந்தத் தாங்கி என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கும்படி எவரும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு அஜின்கோட்டைக் கடந்தவை எவை, எவ்வளவு என்று சொல்வதால் எந்தப் பயங்கரவாதிக்கு என்ன இலாபம்? தாங்கியின் பக்கத்திலேயே வைர வடிவ அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் நான்கு இலக்க எண் இருக்கிறது. 1017 என்றால் குளோரின், 1267 என்றால் மசகு எண்ணெய், 1005 என்றால் அமோனியா. கடவையில் நின்று எண்ணத் தெரிந்தவனுக்கு அது இரகசியமே அல்ல.

இந்த மௌனத்தின் விலை தாயகத்துக்கும் தெரியும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. அதில் இருந்தவை 1,486 கொள்கலன்கள். 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. கொழும்புக் கடலுக்கு வருமுன்பே ஒரு கொள்கலன் கசிவது கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியும். கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகமும் அதை இறக்க இடம் கொடுக்கவில்லை. கப்பலுக்குத் தெரிந்தது, முகவர்களுக்குத் தெரிந்தது. நீர்கொழும்பு மீனவனுக்குத் தெரிந்தது கரையில் பிளாஸ்ரிக் மணிகள் குவிந்த பின்னர்தான். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. வலையை மடித்து வைத்த மாதங்களை அது திருப்பித் தராது.

ஸ்காபரோவில் வளர்ந்த தமிழ் இளையோருள் கணினித் துறையில் இருப்போர் ஏராளம். ஆண்டுத் தரவைப் பாதைவாரியாகப் பிரித்து, வரைபடத்தில் ஏற்றி, தமிழ் உட்படப் பல மொழிகளில் காட்டுவது அவர்களுக்கு ஒரு வார இறுதி வேலை. இல்லாதது தரவு மட்டுமே. அதைத் திறந்துவிடும் அதிகாரம் ஒட்டாவாவிடம் இருக்கிறது. கேட்டு வாங்கும் கடமை ரொறன்ரோ மாநகர சபையிடமும் இருக்கிறது. தேர்தல் காலங்களில் மல்வேண் வீடுகளுக்கு வணக்கம் சொல்லி வரும் வேட்பாளர்களிடம், அஜின்கோட்டில் குளோரின் கசிந்தால் எந்த வீதியால் வெளியேறுவது, அதை எந்த மொழியில் யார் சொல்வார்கள் என்று பெற்றோர் கேட்கட்டும். தேநீர் ஆறுவதற்குள் விடை வருகிறதா என்று பார்க்கட்டும்.