முத்திரையிட்ட உண்மை எவருடைய சொத்து?



ஒக்சிகொன்டின் வலிமாத்திரையை விற்ற பேர்டியூ நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் தொடுத்த வழக்கு, 2015இல் 24 மில்லியன் டொலர் இணக்கத்துடன் முடிந்தது. ரிச்சர்ட் சாக்லரின் சத்திய வாக்குமூலம் உள்ளிட்ட ஆவணங்களோ முத்திரையிடப்பட்டுக் கிடந்தன. ஸ்டாட் செய்தி நிறுவனத்தின் விண்ணப்பத்தை ஏற்று, அவற்றைத் திறக்குமாறு 2016இல் நீதிபதி ஸ்டீவன் கோம்ப்ஸ் ஆணையிட்டார். நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 2019இல் மாநில உச்சநீதிமன்றம் தலையிட மறுத்த பின்னரே அத்தடை நீங்கியது. அதுவரை மரணங்கள் காத்திருக்கவில்லை.

வணிக இரகசியம் என்பர். நோயாளியின் பெயரை மறையுங்கள். ஆபத்தை அறிந்தவர் செய்ததை மறைக்காதீர்கள். பொறியியலாளனாகச் சொல்கிறேன்: பழுதுப் பதிவேட்டை ஒளிப்பவன் பழுதையே விற்கிறான்.

மக்களின் நீதிமன்றம் தனியாரின் இரும்புப்பெட்டி அன்று. பிள்ளைகளுக்கு மருந்து வாங்கும் நாமும் இவ்வழக்கில் ஒரு தரப்பே. நாம் வாழும் நாடுகளின் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம்: உயிர்காக்கும் உண்மைக்கு முத்திரை எதற்கு?