சுவருக்கு ஏற்ற சாந்து



வீட்டில் சிறு கட்டுவேலை ஒன்று வந்தால், "மேசன் பார்த்துக்கொள்வார்" என்று நாம் குசினிக்குள் போய்விடுகிறோம். ஆனால் சீமெந்துக்குப் பணம் கொடுப்பதும், பிறகு வெடித்த சுவரோடு குடியிருப்பதும் நாம்தானே! சாந்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைப்போம்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 அக்டோபர் 30ஆம் திகதி அங்கிருந்த முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களில் பலர் கண்டது கூரையில்லாத சுவர்களைத்தான். மிஞ்சியதைத் திருத்துவதா, இடிப்பதா? சரிந்த சுவரையும் அடிவரை பிளந்த சுவரையும் விபரம் தெரிந்தவரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் சுவரில் பொருத்துகள் மட்டும் உதிர்ந்திருந்தால் திருத்தலாம். சாந்து சரியாக இருந்தால் போதும்.

குடாநாட்டின் பழைய வீடுகள் பல, சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுவரில் ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் வழியே வெளியேறிவிடும். அங்கே கெட்டியான சீமெந்தை அடைத்தால் ஈரம் உள்ளே தங்கும், உப்புப் பூக்கும், நாளடைவில் கல்லே உதிரும். சாந்து எப்போதும் கல்லைவிடச் சற்று மெலிந்தே இருக்க வேண்டும். சுவர் அசைந்தால் வெடிப்பு சாந்தில் விழட்டும். சாந்தை மாற்றலாம், கல்லை மாற்றுவது கஷ்டம்.

ஆகவே பழைய சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் நல்லது. அது முடியாவிட்டால் சீமெந்து 1, சுண்ணாம்பு 2, மணல் 9. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

புதிதாகச் சீமெந்துக் கல்லில் கட்டும் மதிலுக்கும் அடுப்புத் திண்டுக்கும் சீமெந்து 1, மணல் 6. எப்போதும் நனையும் கிணற்றுக் கட்டுக்கும் உளூச் செய்யும் திண்டுக்கும் 1க்கு 4. "சீமெந்து கூடினால் பலமும் கூடும்" என்று அள்ளிப் போடவிடாதீர்கள். அளவு மீறினால் சாந்து காயும்போது சுருங்கி வெடிக்கும்.

இன்னும் சில:

மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வாளியால் அளக்கச் சொல்லுங்கள்.

கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அது சுவரில் ஈரத்தை இழுக்கும், கம்பியையும் துருவாக்கும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதுவும் ஆகாது. குடிக்கத் தகுந்த நீரே சாந்துக்கும் தகும்.

சீமெந்துச் சாந்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கக் கூடிய அளவே குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது வீண்.

கட்டிய பின் ஏழு நாள் சுவரை ஈரமாக வைத்திருங்கள். மேசன் போன பிறகு நடக்கும் இந்த வேலை நம் கையில்தான் இருக்கிறது. தவறவிடாதீர்கள்.