சொல்லால் அடிப்பதும் தண்டனையே: எங்கள் நிலைப்பாடு

“நீ உருப்படவே மாட்டே”, “மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” வகுப்பறையில் இப்படிக் கேட்டு வளராதவர்கள் நம்மில் குறைவு. இதைக் கண்டிப்பு என்று கடந்துவிடக் கூடாது. மாணவரை இழித்துப் பேசுவது, சாதியையோ பெற்றோரின் தொழிலையோ சுட்டிக் குத்திக்காட்டுவது, எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்து அவமானப்படுத்துவது ஆகியவை பிரம்படிக்கு நிகரான வன்முறை என்பதே எங்கள் நிலைப்பாடு.

சட்டமும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனது 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்கிறது. பிரம்பைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழகிவிட்டோம். சொல்லைப் பற்றி இன்னும் கேட்பதில்லை.

தன்னைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் குழந்தை அப்படியே நம்புகிறது. திரும்பத் திரும்பக் கேட்ட வசவு நாளடைவில் அதன் மனக்குரலாகவே ஆகிவிடுகிறது. எப்போது திட்டு விழுமோ என்ற பதற்றத்தில் தூக்கமும் கவனமும் கெடுகின்றன, மதிப்பெண் குறைகிறது, அதற்காக மறுபடியும் திட்டு. வளர்ந்த பின்னும் கூட்டத்தில் பேச நா எழாது. யாராவது பாராட்டினால் நம்ப முடியாது. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, குழந்தைப் பருவத்தில் வீட்டில் பட்ட துன்பங்களில் சொல்வழிக் கொடுமையையும் ஒன்றாகக் கணக்கிட்டது. அத்தகைய துன்பங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுவதை அது காட்டியது.

கண்டிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நெரிசலான வகுப்பையும் தேர்ச்சி விகித நெருக்கடியையும் சுமக்கும் ஆசிரியர்களின் பாடு எங்களுக்குத் தெரியும். “கணக்கு தப்பு, திரும்பப் போடு” என்பது கண்டிப்பு. “உனக்கு மூளையே இல்லை” என்பது காயம்.

எனவே நாங்கள் கோருவது:

1. ஆசிரியர் பயிற்சியில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளோடு கற்பிக்க வேண்டும்.
2. மாணவர் அச்சமின்றிப் புகார் சொல்ல ஒவ்வொரு பள்ளியிலும் வழி வேண்டும். புகார் சொன்னவர் பழிவாங்கப்படக் கூடாது.
3. ஒவ்வொரு பள்ளிக்கும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரின் உதவி கிடைக்க வேண்டும்.
4. பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணோடு வீட்டில் பேசும் பேச்சையும் விவாதிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களை வகுப்பறைச் சுவரிலேயே எழுதிவைக்கலாம். சிறு வயதில் காயப்பட்டு இன்று பெரியவர்களாகிவிட்டவர்களும் 14416ஐ அழைக்கலாம். அந்தக் காயம் ஆறக்கூடியதே. அன்று உங்களைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல. அதைச் சொன்னதுதான் தவறு.