கடலோரத்துப் பிள்ளைகளும் காலநிலைப் படிப்பும்

2017 நவம்பர் 30 காலையில் ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, காஞ்சிரங்குளத்தை அடுத்த புல்லுவிளை, பூவாறு கரைகளின் வள்ளங்களும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத் தூத்தூர் பகுதியின் விசைப்படகுகளும் ஏற்கெனவே கடலில் இருந்தன. பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை எப்போது வந்தது என்று ஒன்றிய அரசும் மாநில அரசும் நெடுநாள் வாதிட்டன. சில மணி நேரத்தில் உருமாறும் புயலைக் கணிக்கும் அறிவியலை யார் கற்கிறார்கள் என்ற கேள்வி அந்த வாதத்தில் எழவே இல்லை.

அந்த அறிவியலின் வாயில் முதுகலைப் பட்டம். பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணிக்கே அது அடைபட்டது. சி.வி. ராமனின் ஆய்வகத்தில் உழைத்து ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டும், முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டத்தை மறுத்தது. 1945இல் அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பின்னாளில் தும்பாவில் வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தவரும் அவரே. ஏலத்தோட்டம் உடைய குடும்பத்தின் மகளுக்கும் பொதுப்பணம் தேவைப்பட்டது என்பதை மறக்கலாகாது.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நிலைமை என்ன? நிலவியல் முதுகலைக்குக் காரியவட்டம், வானிலையியலுக்குக் கொச்சி. இடங்களோ மிகச் சில. இளங்கலை முடித்த மகன் உடனே சம்பாதிப்பான் என்று காத்திருக்கும் வீட்டில், வருமானமற்ற இரண்டு ஆண்டுகள் என்பதே பெரும் செலவு. ஐஐடிகளில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஆங்கிலத்தோடு இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இல்லை. இதற்குப் பெயர் தகுதித்தேர்வு!

1978இல் கேரள அரசு ஆக்குளத்தில் தொடங்கிய புவி அறிவியல் ஆய்வு மையம் 2014 முதல் ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளது. காஞ்சிரங்குளத்திலோ அரசுக் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, கடலோரப் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகையுடன் முதுகலை வகுப்பு தொடங்குவது நடவாத காரியமன்று. காற்றையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் கணித்துத் தொழில் செய்வோர் கல்லூரிக்கு எட்டிய தொலைவிலேயே வாழ்கின்றனர். களப்பணிக்கு மாணவர்கள் முதலில் செல்லவேண்டியது அவர்களுடைய வள்ளத்துக்கே. கட்சியின் மாணவர், மீனவர் அரங்குகள் இக்கோரிக்கையை இணைந்து எழுப்பட்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே எழுப்பட்டும்.