மலைமேல் ஒரு தீவு



தீவு என்றால் என்னவென்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். "நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்தனர். கடைசி வரிசையிலிருந்த சிறுமி மட்டும், "எங்க பாட்டி ஊரும் தீவுதான் சாமி. மழை பிடிச்சா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது" என்றாள். மற்றவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயுற்றிருந்த அப்பாட்டிக்கு நற்கருணை கொண்டு அப்பாதையில் ஏறி இறங்கிய முழங்கால்கள் என்னுடையவை.

போடிநாயக்கனூரில் நின்று பார்த்தால் அம்மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். பேருந்தில் குரங்கணி வரை செல்லலாம். அதற்கு மேல் ஏற்றம். குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 'சென்ட்ரல்' என்றோர் ஊர் உண்டு. இரயிலே இல்லாத மலைச்சரிவில் இப்பெயர் ஏன்? 1908-ல் அமைந்த சிறு இரயில்பாதை வழியாக மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வந்தது. அங்கிருந்து பெட்டிகள் இழுவைக் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி வந்து சேர்ந்தன. கம்பியின் நடுநிலையமே சென்ட்ரல். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அடித்துச் சென்றது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தேயிலைப் பெட்டி அலுங்காமல் இறங்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்ட மலையில், பேறுகாலப் பெண்ணை இறக்குவதற்கு நான்கு பேருடைய தோள்களையே நம்ப வேண்டியிருந்தது என்பதை நினைக்குந்தோறும் என் மனம் ஆறுவதில்லை.

அவ்வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அரிசி, உப்பு முதலியன குதிரை முதுகில் ஏறும். (கோவேறு கழுதையையும் மலைக்காரர் குதிரை என்றே மரியாதையாக அழைப்பர்.) காப்பி, மிளகு, இலவம்பஞ்சு அதே முதுகில் இறங்கும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அவ்வாறே ஏறும். அரசாங்கத்திற்கு அன்றாவது வழி தெரிந்துவிடுகிறது! ஏலக்காய் எடுப்புக் காலத்தில் பெண்கள் அட்டைக்கு அஞ்சி உப்பும் புகையிலையும் கலந்து காலில் பூசிக்கொண்டு, பனிமூட்டம் விலகுமுன் தோட்டத்திற்குள் நுழைந்துவிடுவர். தீப்பெட்டி தீர்ந்துபோனால் கடைக்கு ஓடுவதற்கில்லை. அண்டைவீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்க வேண்டும். ஆதலால் அங்கே அண்டைவீட்டாரோடு சண்டையிட்டு நெடுநாள் பேசாதிருக்க எவருக்கும் வசதிப்படாது. நம் தெருக்களில் அந்த வசதி தாராளமாக உண்டு.

பெரியகுளத்திற்கு மேலே கல்லாற்றுக்கு அப்பாலுள்ள சின்னூர், பெரியூர் நிலைமை இன்னும் கடினமானது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அவை மெய்யாகவே தீவுகள். நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தியை நாளிதழ்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறோம்.

"இவ்வளவு துன்பப்படுவானேன், கீழே வந்து குடியேறலாமே?" என்று நம் பங்கின் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவருக்கு நான் டிரிஸ்டன் டா குன்ஹா தீவின் கதையைச் சொன்னேன். தென் அட்லாண்டிக் பெருங்கடலில், இன்றும் விமான நிலையமின்றி, ஏறக்குறைய ஒரு வாரக் கப்பல் பயணத்திற்கு அப்பால், முந்நூறு பேர்கூட இல்லாத சிற்றூர் அங்கே உள்ளது. உருளைக்கிழங்கும் கடல் இறாலும் அவர்களது பிழைப்பு. 1961 அக்டோபரில் எரிமலை வெடித்து, ஊரார் அனைவரும் இங்கிலாந்து கொண்டு செல்லப்பட்டனர். வேலை, மருத்துவமனை, கடைவீதி எல்லாம் கிடைத்தன. திரும்புவதா, தங்குவதா என்று வாக்கெடுத்தபோது 148 பேர் திரும்பவே விரும்பினர். தங்க விரும்பியவர் ஐவர் மட்டுமே. 1963-ல் பெரும்பாலோர் தங்கள் தீவுக்குத் திரும்பிவிட்டனர்.

பெரியவர் சற்று யோசித்து, "அப்படியானால் அவர்கள் விருப்பப்படியே விட்டுவிடலாம்" என்றார். இதுவும் எனக்கு உடன்பாடில்லை. மலையை விரும்புகிறவன் பாதையை வெறுக்கிறான் என்று யார் சொன்னது? குரங்கணியிலிருந்து மேலே சாலை வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. காட்டைக் காக்க வேண்டும் என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. யானைக்கும் வழி வேண்டுமே. ஆயின் அவ்வழக்கு முடியும்வரை காய்ச்சல் காத்திராது. மாதம் இருமுறை ஏறக்கூடிய ஒரு செவிலியருக்குக் காடு தடை சொல்லாதென்றே நினைக்கிறேன்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில் சிக்கி, மலையேற வந்திருந்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றிரவு இருட்டில் காயமுற்றோரைச் சுமந்து இறங்கியவர்களில் மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அச்சுமை பழக்கமானது.

நான் விடைபெற்றபோது அச்சிறுமியின் பாட்டி கூரையில் செருகியிருந்த மஞ்சட்பையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை வரும்போது டார்ச் விளக்கிற்கு இரண்டு பாட்டரி, கால்வலித் தைலம் ஒரு புட்டி, பேத்தியின் பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று. மழை பிடிக்குமுன் வந்துவிடுங்கள் சாமி என்றார்.